அம்புக்குறிக்கு வலப்பக்கம்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பேக்கரியில் நான் பன் வாங்கிக்கொண்டு நின்றால், ஏதாவது ஒரு வெளியூர் கார் வந்து நின்று வழி கேட்கும். ஏரிக்கு வழி கேட்டால் பரவாயில்லை. புதிதாகத் திறந்திருக்கும் ஒரு விடுதியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். விடுதிக்காரர்கள் வெளியூர் டிசைனர் ஒருவரைப் பிடித்துப் பலகை செய்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பலகை. அதன் கீழ் மூலையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரே ஒரு சொல். மீதி முழுக்கக் காலி. கார்கள் அதைத் தாண்டி வந்துதான் என்னிடம் விசாரிக்கின்றன.

வேலை பார்த்த காலம் முழுக்க, "கொஞ்சம் இடம் விடுங்க" என்று வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டியவள் நான். இப்போது இடத்தை விட்டுவிட்டு விஷயத்தைத் தொலைத்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

இதைப் போனில் சொன்னபோது பாத்திமா விழுந்து விழுந்து சிரித்தாள். என் முதலாளி காதர் பாயின் மருமகள் அவள். கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள்.

"அக்கா, நீங்க எதுக்கு எடம் விட்டீங்க, எப்படி விட்டீங்கன்னு எழுதிக் குடுங்க. இங்க கம்ப்யூட்டர்ல ஒக்கார்ற புள்ளைங்களுக்கு நான் சொன்னா ஏற மாட்டேங்குதுங்க" என்றாள்.

ஊர் ஊருக்கு எழுத்தை அடுக்கிக் கொடுத்திருக்கிறேனே தவிர, உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாள். எனக்கும் பொழுது போகவேண்டும்.

என் ஆரம்பக் கதை நீளமில்லை. அப்பா எஸ்டேட் லாரி ஓட்டியவர். சேலத்தில் டைப்பிங் படித்தேன், பிறகு கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கப் படித்தேன். கல்யாணமாகி மலைக்கு வந்ததும் பஜாரில் காதர் பாய் கடையில் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைப் பலகை, திருவிழா ஃப்ளெக்ஸ் எல்லாம் அங்கே ஆகும். நான் டிசைன் செய்து கீழே அனுப்புவேன், சேலத்தில் அச்சாகி முதல் பஸ்ஸில் சுருளாக மேலே வரும். கண்டக்டருக்கு எங்கள் சுருளைப் பார்த்தாலே எரிச்சல். கழுத்து வலி தாங்காமல் போகும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

காதர் பாய் யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் மாதிரியை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தால், அதை மேசையில் வைத்து, தன் உள்ளங்கையால் ஒவ்வொரு பகுதியாக மூடுவார். போன் நம்பரை மூடுவார். கடவுள் படத்தை மூடுவார். ஆரம்பித்த வருஷத்தை மூடுவார். மூடியபடியே வாடிக்கையாளரைப் பார்த்து, "இது இல்லாட்டி ஆருக்குங்க நட்டம்?" என்பார். பதில் வந்தால் கையை எடுத்துவிடுவார். பதில் வராவிட்டால் கை அங்கேயே இருக்கும். எனக்கு அதுதான் உத்தரவு, அந்தப் பகுதியை அழித்துவிட வேண்டும்.

"மொத்தப் பலகைக்கும் காசு குடுக்கறனுங்க பாய். பாதிய சும்மா உட்டா எப்படிங்க?" என்று ஒரு லாட்ஜ்காரர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான், பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள்.

பாய் நிதானமாகச் சொன்னார். "எல நெறைய சோத்தக் கொட்டிட்டா கொழம்ப எங்கீங்க ஊத்தறது? பெசையறதுக்கு எடம் வேணுமில்லீங்க?"

லாட்ஜ்காரர் நல்ல சாப்பாட்டுப் பிரியர். உடனே புரிந்துகொண்டார்.

பலகை தயாரானதும் இன்னொரு சோதனை உண்டு. அதை உரிய இடத்தில் சும்மா கட்டி வைத்துவிட்டு, யாராவது ஓட்டுகிற ஸ்கூட்டரின் பின்னால் பாய் ஏறிக்கொள்வார். பலகையைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை பார்ப்பார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, என்ன படித்தார் என்று சொல்லுவார். அவர் சொன்னது மட்டும்தான் பலகை, மற்றதெல்லாம் வெறும் பெயிண்ட் செலவு என்பது அவர் கணக்கு. எந்தப் பலகைக்கும் இந்தச் சோதனையை அவர் விட்டதில்லை. தன் சொந்தக் கடைப் பலகையே இரண்டு முறை தோற்றது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் எல்லாப் பலகைக்கும் ஒரே நியாயம் என்று அவர் சொன்னதில்லை. திருவிழா ஃப்ளெக்ஸ் வந்தால் அதன் மேல் உள்ளங்கையை வைக்கவே மாட்டார். ஊரில் இருக்கிற அத்தனை தலைகளையும் அதில் வைக்கவேண்டும். பெரியவர்கள் வட்டத்துக்குள், இளவட்டங்கள் கூலிங் கிளாஸோடு வரிசையாக. மூச்சுவிட இடம் இருக்காது. ஒரு தடவை எனக்குப் பொறுக்காமல், தலைகளைக் குறைத்து சாமியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுவிட்டேன். விடுபட்டவர்கள் படையெடுத்து வந்தார்கள். பாய் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"இது படிக்கறதுக்கு இல்ல கண்ணு. அவனவன் தன் மூஞ்சியத் தேடறதுக்கு. தேடறதுக்கு வச்ச பலகையில எடம் உட்டா, தேடற சொகம் போயிருமில்ல?"

பலகை எதற்கு என்று முதலில் கேட்க வேண்டும், இடம் அப்புறம். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷம் பிடித்தது. இனி நான் சொல்லப்போகிற பலகைக்கு, எதற்கு என்ற கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது. அதுதான் சிக்கல்.

வாழவந்தி போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து பிரியும் எஸ்டேட் ரோட்டில் கொஞ்சம் போய் இடதுபக்கம் இறங்கினால் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. நான்கைந்து கட்டில், ஒரு டாக்டர், லூர்து சிஸ்டர். அந்தத் திருப்பம் ஒரு வளைவை ஒட்டி சட்டென்று வரும். அதை விட்டுவிட்டால் ரோடு குறுகி, ஒரு எஸ்டேட்டின் பூட்டிய கேட்டில் போய் முட்டும். அங்கே வண்டியைத் திருப்ப முடியாது, ரிவர்ஸிலேயேதான் ஏறி வரவேண்டும்.

திருப்பத்தில் பழைய பலகை ஒன்று நின்றது. எங்கள் கடையில் செய்ததில்லை. வெள்ளைப் பலகையில் ஆஸ்பத்திரியின் முழுப் பெயர், புனிதர் படம், வேத வசனம், பார்வை நேரம், டாக்டரின் பட்டங்கள், ஒரு மருந்துக் கடை விளம்பரம், உபயம் செய்த ஐந்தாறு பேருடைய பெயர்கள். அம்புக்குறி கீழே ஓரத்தில் ஒரு பச்சை மிளகாய் அளவு. எங்கள் மலையில் பனி இறங்கினால் வெள்ளைப் பலகை பனியோடு பனியாகப் போய்விடும். எழுத்து மட்டும் ஆதாரமில்லாமல் மிதக்கும்.

லூர்து சிஸ்டர் ஒருநாள் கடைக்கு வந்தார். கூடவே ஒரு பெரியவரும் அவர் மகனும். பெரியவர் சவரிமுத்து. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரும் ரைட்டர் என்றே கூப்பிடுவார்கள். மகன் சேலத்தில் வேலை.

ரைட்டரின் மனைவி மதலையம்மாளுக்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நெஞ்சு வலி வந்திருக்கிறது. சரக்கு இறக்க மேலே வந்திருந்த ஒரு ஜீப்தான் கிடைத்தது. டிரைவருக்கு வழி தெரியாது. பனி. திருப்பத்தைத் தாண்டிப் போய் எஸ்டேட் கேட்டில் நின்று, ரிவர்ஸில் ஏறி வந்து ஆஸ்பத்திரியை அடைந்தபோது அந்த அம்மாள் இல்லை.

"முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா. முன்னாடியே வந்திருக்கலாம். அது மட்டும் தெரியும்" என்று சிஸ்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மழை பிடிக்கும் முன்னால், பனியிலும் கண்ணில் படுகிற பலகை அங்கே நிற்கவேண்டும். செலவு ரைட்டருடையது.

ரைட்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் மேசையில் வைத்தார். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பூ வைத்துக்கொண்டு, காமிராக்காரனை நம்பாத மாதிரி பார்க்கிற முகம்.

"அம்மிணி, இது பெருசா வரோணும். கீழ அவ பேரு, பொறந்தது, எறந்தது, 'நினைவாக'ன்னு போட்டு, புள்ளைங்க பேரு, பேரப் புள்ளைங்க பேரு. ரெண்டு பக்கமும் றெக்க வச்ச சம்மனசு. ஆஸ்பத்திரி பேரு மேல இருந்துட்டுப் போவுதுங்க" என்றார்.

நான் பாயைப் பார்த்தேன். பாய் போட்டோவைப் பார்த்தார். அவருடைய உள்ளங்கை மேசை ஓரத்திலேயே இருந்தது. எப்படி அந்த முகத்தின் மேல் கையை வைத்து, இது இல்லாவிட்டால் யாருக்கு நட்டம் என்று கேட்பார்? அவர் கை தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு இரண்டு மாதிரி செய்தேன். ஒன்று ரைட்டர் சொன்னபடி. இன்னொன்று நானும் பாயும் பேசிச் செய்தது. காலி இடம் வெள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. பலகை முழுக்க, ஹெட்லைட் பட்டால் ஒளிரும் மஞ்சள் தாள். மேலே கறுப்பில் 'ஆஸ்பத்திரி' என்று ஒரே சொல், சுற்றிலும் எழுத்தின் உயரத்துக்குக் குறையாத இடம். கீழே இடது பாதியில் தடித்த அம்புக்குறி, வலது பாதி காலி. நான் முதலில் அம்பைப் பலகை முழுக்க நீட்டியிருந்தேன். பாய்தான் குறைக்கச் சொன்னார்.

"முழுக்க நீட்டுனா அது கோடு கண்ணு. ஒரு பக்கமா தள்ளி, பின்னால எடம் உட்டுப் பாரு. ஓடற மாதிரி இருக்கும்."

இருந்தது. என் கண் என்னை அறியாமலே இடதுபக்கம் திரும்பியது.

ரைட்டர் இரண்டாவது மாதிரியை வெகு நேரம் பார்த்தார். பிறகு அம்புக்கு வலப்பக்கம் இருந்த காலி இடத்தில் விரலை வைத்து, "இங்கதானுங்க போட்டோ வரோணும்? போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

மறக்கவில்லை என்று பாய்தான் சொன்னார்.

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மாவுக்கு எடமில்லாத போர்டு எங்களுக்கு எதுக்குங்க? நாங்க கல்லறையிலயே பெருசா ஒண்ணு வச்சுக்கறோம். ஆஸ்பத்திரிக்கு வேற ஆரையாவது பாத்துக்கச் சொல்லுங்க" என்று எழுந்தே விட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அம்மாவாக இருந்தால் நான் அவனைவிட அதிகமாகக் கத்தியிருப்பேன். சிஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் எழுந்து போனால் அந்த மழைக்கும் பழைய பலகைதான் நிற்கும்.

பாய் ரைட்டரைப் பார்த்தார். "ஏனுங்க ரைட்டரே, உங்க இஷ்டப்படியே பண்ணிரலாமுங்க. ஆனா எங்க கடையில ஒரு பழக்கம். எந்தப் பலகையா இருந்தாலும் கட்டி வச்சு ஒருக்கா வண்டியில போயிப் பாப்போம். நீங்க சொன்ன மாதிரியே அடிச்சுக் கட்டறேன். நீங்களே வந்து பாத்து, செரின்னா செரி."

சொன்னபடியே செய்தார். மதலையம்மாளின் போட்டோ, சம்மனசுகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்த்து, ஆஸ்பத்திரி பெயரும் அம்புக்குறியும் போட்டு, சாதா ஃப்ளெக்ஸில் அடித்து வரவழைத்தோம். பனி இறங்கிய ஒரு சாயங்காலம் அதைத் திருப்பத்தில் கட்டிவிட்டு, பஜார் ஸ்டாண்டிலிருந்து ஒரு ஜீப் பிடித்தோம். ரைட்டர் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில். பாய், மகன், நான் பின்னால். டிரைவருக்குப் பாய் ஒரு சொல்தான் சொல்லி வைத்திருந்தார். ரைட்டர் சொல்லுகிற இடத்தில் திரும்பு, நீயாகத் திரும்பாதே.

ஜீப் மெதுவாகத்தான் போயிற்று. சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே ரோடு மங்கலாகத் தெரிந்தது. வளைவில் ஹெட்லைட் திரும்பியதும் பலகை வந்தது.

"அதா, அவதான்! பாருங்க, எப்படித் தெரியறா பாருங்க!" என்று ரைட்டர் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார். சந்தோஷத்தில் அவர் குரலே மாறிப்போயிருந்தது. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, பின்னால் போகிற பலகையையே பார்த்துக்கொண்டு வந்தார். அது மறைந்த பிறகும் பார்த்தார்.

ஜீப் போய்க்கொண்டே இருந்தது. ரோடு குறுகியது. எனக்கு இந்தச் சோதனையே வேண்டாம் என்று கத்தலாமா என்றிருந்தது. எஸ்டேட்டின் பூட்டிய கேட் ஹெட்லைட்டில் தெரிந்ததும் டிரைவர் பிரேக் போட்டார்.

"எங்கீங்க திரும்போணும்? நீங்க ஒண்ணுஞ் சொல்லலியே?" என்றார்.

ரைட்டர் கேட்டைப் பார்த்தார். அந்தக் கேட்டை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

"அன்னிக்கும் இப்படித்தானுங்க பாய்," என்றார் கடைசியில். "பின்னால ஒக்காந்து மடியில போட்டுக்கிட்டு அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். எனக்குத் தெரியாத ரோடா இது? ஒருக்கா தலையத் தூக்கிப் பாத்திருந்தா நானே சொல்லியிருப்பேன். பாக்கலீங்க."

மகன் பின்னாலிருந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். டிரைவர் எதுவும் கேட்காமல் ரிவர்ஸில் எடுத்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பாயும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பனி என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் கடை திறந்ததும் அப்பாவும் மகனும் வந்து நின்றார்கள். மஞ்சள் பலகையே இருக்கட்டும் என்றார் ரைட்டர். மகன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, அந்தக் காலி எடத்துல சின்னதா அம்மா பேரு மட்டும் போடலாமுங்களா? ஓரத்துல, சின்னதா."

போடலாம். அந்தக் காலி இடத்தில் ஒரு சின்ன வரி தாங்கும். அம்பின் ஓட்டம் கொஞ்சம் தடைபடும், அவ்வளவுதான். பாயே இளகிவிட்டார், போட்டுவிடு என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் மவுஸைத் தொட்டுவிட்டேன். ரைட்டர்தான் கையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாஞ் சாமி. சின்னதாவெல்லாம் வேண்டாம். அவ ஊட்டுல சின்னதா இருந்தவளா? அவ ஒரு அதட்டு அதட்டுனா நாம ரெண்டு பேரும் மூலையில போயி நிப்பமே!" என்று மகனிடம் சொன்னார். முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, அந்த எடத்த அப்படியே அவளுக்கு உட்ருங்க. எழுத்தொண்ணும் வேண்டாம். எனக்குத் தெரியுமில்லீங்க?"

மழை பிடிக்கும் முன்னால் பலகை நின்றது. பாய் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய், "ஆஸ்பத்திரி, எடது பக்கம்" என்று படித்துவிட்டு வந்தார். அந்த மழைக்காலத்தில் கேட்டுவரைக்கும் போய் யாரும் திரும்பி வரவில்லை என்று லூர்து சிஸ்டர் கிறிஸ்மஸ் கேக் கொண்டுவந்தபோது சொன்னார். எனக்குச் சம்பளத்தைவிட அந்தக் கேக் இனித்தது என்றால் பொய்யில்லை.

பாத்திமா கடையில் உட்காரும் பிள்ளைகள் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். காலி இடம் அழகுக்கு என்று விட்டால் அந்தச் சாம்பல் நிறப் பலகை மாதிரி ஆகிவிடும். வருகிறவன் எதை நோக்கித் திரும்பவேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விடுங்கள். விட்ட பிறகு அதைக் காப்பாற்றுவது டிசைனைவிடப் பெரிய வேலை. எங்கள் ஊரில் காலியாக ஒரு சாண் இடம் தெரிந்தால் போதும், ரூம் வாடகைக்கு, நிலம் விற்பனைக்கு, மூல நோய்க்கு என்று ஏதாவது ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் போவார்கள்.

போன மாதம் வாழவந்தியில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் அந்தத் திருப்பம்வரை நடந்தேன். ரைட்டர் அங்கே இருந்தார். வயசாகிவிட்டது, பேரன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறானாம். ஒரு சின்ன வாளியில் தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டு, அம்புக்குறிக்கு வலப்பக்கம் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அடிக்கடி வருவாராம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பைக் வந்து நின்றது. கழுத்தில் ஏதோ விடுதியின் அடையாள அட்டை மாட்டிய ஒருவர், கையில் சுருட்டிய ஸ்டிக்கரோடு இறங்கினார். பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க ஐயா, இந்த எடம் காலியாத்தானுங்க இருக்குது?"

"இல்லீங்க தம்பி," என்றார் ரைட்டர். "ஆள் இருக்குது."

அவர் ரைட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெறும் மஞ்சளாக இருந்த அந்த இடத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வேறொன்றும் கேட்காமல் சுருளைப் பையில் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தார். ரைட்டர் துணியை நனைத்துப் பிழிந்து, மீதியிருந்த பசையை மெதுவாகத் துடைத்தார்.